தடுப்பூசி போடும் நாளில் தாயிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரசவமான பெண்களுக்கு வரும் மனச்சோர்வை அரசாங்கமே கேட்டுக் கண்டுபிடித்து வைத்தியம் பார்க்க வேண்டுமா, வேண்டாமா என்று உங்கள் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் நகரத்து ஆட்கள். வேண்டாம் என்று எழுதுகிறவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். "எங்கள் அம்மா எட்டுப் பிள்ளை பெற்றாள், ஒரு நாள் படுத்ததில்லை" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எழுதத் தொடங்கியதும் சொல்ல வேண்டியது அதைவிடப் பெரிது என்று தோன்றியது.

நான் பிறந்தது கம்பம். வாழ்க்கைப்பட்டது கேரளத்துப் பீருமேடு மலையில், வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில். அங்கேயே அங்கன்வாடி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கர்ப்பிணிப் பெண்ணின் பெயரை எழுதுவது, பிள்ளையை எடை போடுவது, ஆறு மாதம் ஆனதும் அமிர்தம் பொடி என்கிற சத்துமாவு கொடுப்பது, புதன்கிழமை தடுப்பூசிக்குத் தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று ஒரு பிள்ளை வளர்வதன் முதல் பக்கத்தை நாங்கள்தான் எழுதுவோம். பிள்ளையைப் பற்றி நிரப்ப அந்தப் பதிவேட்டில் எத்தனையோ கட்டங்கள் உண்டு. பெற்றவள் தூங்கினாளா, சாப்பிட மனசு வருகிறதா என்று கேட்டு எழுத ஒரு கட்டம்கூட நான் இருந்த வரையில் இருந்ததில்லை.

எட்டுப் பிள்ளை பெற்ற அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் பெண்களுக்கு இது வரவில்லை என்பது சரியல்ல. எங்கள் லயங்களிலேயே, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலேயே, அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு "காத்து பட்டுருச்சு" என்று மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்டவர்கள், பிள்ளையை மாமியார் கையில் விட்டுவிட்டுத் தாய்வீட்டுக்கே திரும்பி அனுப்பப்பட்டவர்கள், கிணற்றடியில் கால் தவறியதாக ஊர் சொல்லி முடித்துக்கொண்டவர்கள். யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். பெயர் வைக்காததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் செய்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளிவந்தது. கர்ப்பிணிகளாக இருந்த 359 பெண்களைப் பார்த்து, பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்பதைப் படித்தபோது எங்கள் லயத்தைப் பார்த்து எழுதியது போல இருந்தது எனக்கு. கையில் காசில்லாத வீடு. ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிள்ளை பிறந்த வீடு. மாமியாரோடும் பெற்றவர்களோடும் சரியில்லாத உறவு. கர்ப்ப காலத்தில் நேர்ந்த துக்கம். கைவேலைக்கு ஒத்தாசை இல்லாமை. நகரத்தில் சொகுசாக இருக்கிற பெண்களின் நோய் என்று இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். ஐயா, வேலூர்க் கிராமத்துக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இந்தியா முழுக்க நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-ல் வந்த கட்டுரையோ நூற்றுக்கு 22 என்கிறது. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறும். நூற்றுக்குப் பதினொன்று என்றே வைத்துக்கொண்டாலும், பத்து வீட்டுக்கு ஒரு வீடு.

இனி என் அண்ணன் மகளைப் பற்றி. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். கம்பத்தில் பிறந்து வளர்ந்த பெண். எங்கள் எஸ்டேட்டிலேயே அடுத்த லயத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை ஜீப் ஓட்டுகிறார், நல்ல பையன். அவள் கர்ப்பமானதும் கேரளத்தில் பதிந்து அட்டை வாங்கினோம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, குமுளி வழியாக மலை இறக்கிக் கம்பத்துக்கு அழைத்துப் போனார்கள். பிரசவம் அங்கே. ஆண் பிள்ளை, சுகப்பிரசவம், எடையும் குறைவில்லை. தாய்வீட்டில் பத்தியம், பூண்டுக் குழம்பு, வெந்நீர்க் குளியல், ராத்திரி பிள்ளை அழுதால் தூக்கிக்கொள்ள அவள் அம்மா, பக்கத்து வீட்டுச் சித்தி என்று நாலு கை இருந்தது. மூன்றாம் மாதம் முடிந்ததும் நல்ல நாள் பார்த்து மலையேறி வந்தாள்.

லயத்து வீடு எப்படி இருக்கும் என்று கீழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு திண்ணை, ஒரு அறை, ஒரு அடுப்படி. மழைக்காலத்தில் துணி காயாது. காலையில் மஸ்டருக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கொடுக்க, ஆள் கிளம்புவதற்குள் சோறும் குழம்பும் ஆகியிருக்க வேண்டும். மாமியாரும் கொழுந்து எடுக்கப் போகிறவர். அவர் பொல்லாதவர் இல்லை, ஆனால் அவர் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் அரிசி வாங்க முடியாது. கீழே இருந்த நாலு கையும் மலையேறி வந்ததோடு போயிற்று. பகல் முழுக்க அவளும் பிள்ளையும் மட்டும்.

ஒரு சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை குளித்து, பொட்டு வைத்து, சுத்தமான சட்டையோடு இருந்தது. அவள் தலை வாரியிருக்கவில்லை. நைட்டியில் ஒரு பக்கம் பால் நனைந்து காய்ந்து கறையாகி இருந்தது. பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டுச் சொன்னாள்: "அத்தை, இவன் அழுதா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. அழறது காதுல விழுது. எந்திரிக்கணும்னு தெரியுது. உடம்பு எந்திரிக்க மாட்டேங்குது." கொஞ்ச நேரம் கழித்து, "இவன நீங்களே வச்சுக்கங்க அத்தை, நான் இல்லாட்டி இவன் நல்லா வளருவான்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் போன தனியார் கிளினிக்கில் சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பூசாரி அவளிடம் தன்மையாகத்தான் பேசினார். அப்புறம் என் மகள், அவள் நர்ஸ், போனிலேயே சத்தம் போட்டு மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டரிடம் போகச் சொன்னாள். அவர் வருவது குறிப்பிட்ட நாளில் மட்டும். அந்த நாள் வரும்வரை ராத்திரியும் பகலும் அவளைத் தனியாக விடாமல் மாற்றி மாற்றிக் கூட இருந்தோம். டாக்டர் இரத்தம் பார்க்கச் சொன்னார், தைராய்டும் பார்க்கச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கோளாறும் இரத்தக் குறைவும் இப்படி ஆளைச் சாய்க்கும் என்று விளக்கினார். அவளுக்கு இரத்தமும் குறைவு, மனச்சோர்வும் இருந்தது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய ஒரு மாத்திரை கொடுத்தார். கணவரையும் மாமியாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ராத்திரியில் ஒரு நேரம் பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், அவள் தொடர்ந்து நாலைந்து மணி நேரமாவது தூங்க வேண்டும், அதுவும் மருந்துதான் என்று சொன்னார். அந்த மாமியார் மறுநாளே அப்படிச் செய்தார். இன்று அவள் நன்றாக இருக்கிறாள். பையன் என் பழைய அங்கன்வாடிக்குத்தான் போகிறான்.

இந்தக் கடிதத்தின் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. அவளை யாராவது முன்னாலேயே கேட்டிருக்க முடியாதா? முடியும். கேரளத்தில் 'அம்ம மனஸ்' என்ற பெயரில் தாய்மாரின் மனநலத்துக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. சப்சென்டர் சிஸ்டர், அதாவது துணை சுகாதார நிலையத்து நர்ஸ்தான் கேட்க வேண்டியவர். ஆஷா என்கிற ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வரும் முறையும் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பிரசவமானால் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வந்து பார்க்க வேண்டும். ஆனால் அந்த 42 நாளும் என் அண்ணன் மகள் கம்பத்தில் இருந்தாள். இங்கே பேரேட்டில் 'வெளியூரில் பிரசவம்' என்று எழுதி முடித்தார்கள். அங்கே கிராம சுகாதார நர்ஸ் வந்து பிள்ளையைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், தையலைப் பார்த்தார். கேரளத்தில் பதிந்த பெண், மூன்று மாதத்தில் போய்விடுவாள் என்று அவருக்கும் தெரியும். இவள் மலையேறி வந்தபோது இங்கே அந்த 42 நாள் கணக்கு முடிந்திருந்தது. இரண்டு மாநிலமும் தன் வேலையைச் செய்தது. ஆனாலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

இது ஒரு பெண்ணின் கதை மட்டுமில்லை. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி என்று தேனி மாவட்டத்திலிருந்து பீருமேட்டுக்கும் உடும்பன்சோலைக்கும் தேவிகுளத்துக்கும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் தலைமுறையாக நடக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான், விட வேண்டாம். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண்கள் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள், களியக்காவிளையில் எல்லைக்கு இரண்டு பக்கமும் சொந்தம். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பெற்று, தாண்டித் திரும்புகிற பெண்களை எந்தத் திட்டமும் மனதில் வைத்து எழுதப்படவில்லை.

ஒரு புதன்கிழமையை நினைத்துப் பாருங்கள். மலையேறி வந்த பிறகு போட்ட மூன்றரை மாதத் தடுப்பூசிக்கு அவளோடு நானும் போயிருந்தேன். பெஞ்சில் மாமியார், பக்கத்தில் இரண்டு பெண்கள், எதிரே வாசலில் ஆண்கள். சிஸ்டர் நல்ல மனுஷி. ஊசி போட்டுக்கொண்டே, "கொழப்பமொன்னும் இல்லல்லோ?" என்று, பிரச்சினை ஒன்றும் இல்லையே என்று மலையாளத்தில் கேட்டார். இவள் தலையை ஆட்டினாள். மாமியார் முன்னால், பக்கத்து லயத்துக்காரி முன்னால், இன்னும் சரளமாக வராத மொழியில் கேட்டால் யார்தான் வேறு என்ன சொல்வார்கள்? எங்கள் ஆஷா சேச்சியிடமும் பெண்கள் சொல்ல மாட்டார்கள். அவர் மோசமானவர் இல்லை. நாலு வீடு தள்ளி இருப்பவர், அதுதான் காரணம்.

ஆனால் அதே புதன்கிழமையில் ஒரு வசதி இருக்கிறது. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் பிள்ளையை அங்கேயே வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த அரை மணி நேரம் பாட்டி மடியில் பிள்ளை இருக்கட்டும். தாயை எடை பார்க்க, பிரஷர் பார்க்க என்று உள்ளே கூப்பிடுங்கள். யாருக்கும் சந்தேகம் வராது. கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். கேள்விகளைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று 1987-லிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. பத்தே கேள்வி. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தூக்கம் கெடுகிற அளவுக்கு மனசு சரியில்லையா என்று கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும் கேட்கும். கடைசிக் கேள்வி தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது. அதற்கு லேசாக ஆமாம் என்றாலும் அவளை அன்றைக்குத் தனியாக அனுப்பக் கூடாது. இதன் தமிழ் வடிவத்தை வேலூர் டாக்டர்கள் சோதித்துப் பார்த்து 2005-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். கேரள அரசுக்குத் தமிழிலேயே எழுத எங்களைப் போன்ற மொழிச் சிறுபான்மையினருக்கு அந்த மாநிலத்தின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படியிருக்க, பீருமேட்டிலும் தேவிகுளத்திலும் உள்ள சப்சென்டர்களில் இந்தத் தமிழ்த் தாளை வைப்பதில் என்ன தடை?

ஒருமுறை கேட்டால் போதாது. பிரசவமான நாலைந்து நாளில் வரும் அழுகையும் சிடுசிடுப்பும் பலருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். மனச்சோர்வு அப்படியில்லை, முதல் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும். அதனால் மூன்றரை மாத ஊசியின்போது ஒருமுறை, ஒன்பது மாதத்து ஊசியின்போது இன்னொரு முறை கேட்க வேண்டும். ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராத தாய் எங்கள் மலையில் அபூர்வம். கம்பத்தில் போட்டாலும் சரி, வண்டிப்பெரியாறில் போட்டாலும் சரி, கேட்டாகிவிட்டது என்று தாய் சேய் அட்டையில் ஒரு குறி இருந்தால் அடுத்த மாநிலத்து சிஸ்டருக்குத் தெரியும். பதிலை அட்டையில் எழுத வேண்டாம், அதை மாமியார் படிப்பார்.

மாத்திரைக் கம்பெனிக்காரர்களுக்குத்தான் இதில் லாபம் என்று ஒரு கடிதம் வந்திருந்தது. நியாயமான சந்தேகம், தட்டிக்கழிக்க மாட்டேன். கனடாவில் டாக்டர்களின் நிபுணர் குழு ஒன்று 2022-ல், மதிப்பெண் போடும் கேள்வித்தாளை எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்றே சொல்லியிருக்கிறது. அதைக் காட்டித்தான் அந்த வாசகரும் எழுதியிருந்தார். ஆனால் தாயின் மனநிலையை டாக்டர் சாதாரணமாகவே விசாரிப்பார் என்பதை வைத்துக்கொண்டுதான் அந்தக் குழு அப்படிச் சொன்னது. எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் அப்படி யார் விசாரிக்கிறார்கள்? கேட்கிறவர் இருக்கிற ஊருக்குத் தாள் வேண்டாம். எங்களுக்கு வேண்டும். மாத்திரை இல்லாமலும் செய்ய முடியும். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், நம் ஆஷா போன்ற சுகாதாரப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கர்ப்ப காலத்திலிருந்தே மனச்சோர்வுள்ள பெண்களின் வீட்டுக்குப் போய்ப் பேசவைத்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது, அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது, கிடைக்காதவர்களில் 53 பேருக்கு. 2008-ல் வந்த கணக்கு இது. அந்தப் பெண்கள் டாக்டர்களோ மனநல நிபுணர்களோ இல்லை, கிராமத்தில் ஏற்கெனவே தாய் சேய் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

வேண்டும் என்கிற என் பக்கத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டுவிட்டால் மட்டும் ஆகிவிடாது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் 2006-ல் எல்லாப் பிரசவத்துக்கும் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது, அந்த நாட்டில் முதல் மாநிலம் அதுதான். அதற்குச் சற்று முன்பு வரை அங்கே கவர்னராக இருந்தவரின் மனைவி, தனக்கே இந்த நோய் வந்ததை வெளிப்படையாகச் சொன்னவர், அதற்காகப் பாடுபட்டார். சில வருஷம் கழித்து ஏழைப் பெண்களிடையே ஆராய்ந்து பார்த்தால் வைத்தியத்துக்கு வந்தவர்கள் கூடவில்லை. கேட்பது மட்டும் வைத்தியத்தில் கொண்டுபோய் விடவில்லை. ஒரு பெண்ணை வாய்திறக்க வைத்துவிட்டு, "அடுத்த மாதம் டாக்டர் வருவார்" என்று சொல்லி அனுப்புவது கொடுமை. என் அண்ணன் மகளுக்காக அந்த நாள் வரும்வரை காத்திருந்த எங்களுக்கு அது தெரியும். பீருமேடு தாலுகாவில் மனநல டாக்டரோ, பயிற்சி பெற்ற தமிழ் தெரிந்த ஆலோசகரோ வாரத்துக்கு ஒரு நாளாவது இருக்கும்படி முதலில் செய்யுங்கள். ஜீப் வாடகை கொடுத்து மலையிறங்க முடியாத வீடுகள்தான் இங்கே அதிகம், அதுவும் 2000-க்குப் பிறகு பூட்டிப்போட்ட எஸ்டேட்டுகளின் லயங்களில்.

இன்னொரு பயமும் உண்டு. பைத்தியம் என்று எழுதிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பெண்கள் நினைக்கிறார்கள். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனநல மருத்துவமனையில் சேர்ந்த தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றே சொல்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே தங்கி வைத்தியம் பார்க்கும் வார்டு 2009-லிருந்து இருக்கிறது. பிரசவமான ஆயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் கடுமையான மனநோயில், தாய்க்கு நினைவு தடுமாறி, இல்லாததெல்லாம் தெரியும். அப்போது ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த நேரத்தில் இந்தப் பயம்தான் உயிரை வாங்குகிறது. கேரளத்தில் ஒன்று, தமிழ்நாட்டில் ஒன்று இப்படி ஒரு வார்டு எல்லைக்குப் பக்கமாகக் கிடைத்தால் எவ்வளவோ நல்லது.

இடுக்கி, தேனி மாவட்ட சுகாதார அதிகாரிகள் டெங்குவுக்கும் பறவைக் காய்ச்சலுக்கும் சேர்ந்து பேசுகிறார்கள், குமுளிச் சோதனைச்சாவடியில் சேர்ந்து நிற்கிறார்கள். அதேபோல ஒருநாள் உட்கார்ந்து, தலைப்பிரசவத்துக்கு இறங்குகிற பெண்ணின் பெயரை இங்கிருந்து அங்கேயும், திரும்பி ஏறும்போது அங்கிருந்து இங்கேயும் தெரிவிக்க ஒரு ஏற்பாடு செய்யட்டும். இரண்டு சிஸ்டர்களிடம் ஒருவருக்கொருவர் போன் நம்பர் இருந்தாலே பாதி வேலை முடியும்.

ஆசிரியர் அவர்களே, இதைப் பிரசுரித்தால் கூடவே 14416 என்ற எண்ணைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். எங்கள் லயங்களில் உள்ளே சிக்னல் கிடைக்காது, ரோட்டு வளைவுக்கு வந்தால் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடி ஆசிரியை,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.